செல் நகர்வும் குடல் அசைவும்: ஆய்வகத்தில் பிரித்து அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1899-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் சிறுகுடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, குடலின் ஓர் இடத்தைத் தூண்டிப் பார்த்தார்கள். தூண்டிய இடத்துக்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது. மூளையும் தண்டுவடமும் உதவாமலேயே உள்ளிருப்பதைக் கீழ்நோக்கித் தள்ள குடலுக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒழுங்கு. ஒரு காரணத்தை வெட்டி எடுத்தார்கள், அசைவு மிஞ்சுகிறதா என்று பார்த்தார்கள். பெட்ரி தட்டில் ஊரும் ஒற்றைச் செல்லானாலும் சரி, நோயாளியின் இரைப்பையானாலும் சரி, அசைவைப் பற்றிய நல்ல ஆய்வுகள் எல்லாமே இன்றும் இதைத்தான் செய்கின்றன.

முதுகலை, முனைவர் பட்ட ஆய்வில் இப்போதுதான் இந்தத் துறைக்குள் வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். செல்லில் தொடங்கி, கருவின் குடலைக் கடந்து, முழுக் குடலுக்கும் பிறகு மனிதருக்கும் போகலாம். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம்: இந்த அளவீட்டை இதே மாதிரி தரக்கூடிய வேறு காரணம் என்ன?

படி 1: நேர அளவைத் தீர்மானியுங்கள்

அசைவு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, வேகங்களுக்குள் சம்பந்தமே இல்லை. தட்டில் ஒட்டி ஊரும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமீட்டர்கூடப் போகாது. மீன் செதிலிலிருந்து கிடைக்கும் கெரட்டோசைட் அதே நிமிடத்தில் 10 மைக்ரோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஈ. கோலை பாக்டீரியா நீந்தினால் விநாடிக்கே 20 முதல் 30 மைக்ரோமீட்டர். மனித இரைப்பையின் மெதுமின்னலை, அதாவது சுருக்கத்துக்குத் தாளம் போடும் மெதுவான மின் அலை, நிமிடத்துக்கு சுமார் 3 முறை வரும்; சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தில் 11, 12 முறை; அதன் கடைசிப் பகுதியான இலியத்தில் 8, 9 முறை. வயிறு காலியாக இருக்கும்போது சிறுகுடலை மேலிருந்து கீழ்வரை காலிசெய்துகொண்டே போகும் அலைத்தொடர் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை எழும். குடலின் உட்படலச் செல்கள் குழியின் அடியிலிருந்து விரல்போல நீண்ட வில்லஸின் நுனிக்கு வந்து உதிர 3 முதல் 5 நாள் ஆகும்.

ஆகவே கருவியைத் தேடுவதற்கு முன்பே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தச் செல் அல்லது எந்தக் குடல் பகுதி, எந்த வகை அசைவு, எவ்வளவு நேரத்துக்குள். அந்த வாக்கியத்துக்குக் கீழே, நான் மேலே சொன்ன கேள்விக்கான பதில்களை ஒரு பட்டியலாகப் போடுங்கள். சோதனையின் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

படி 2: ஊரும் செல்லைக் கண்ணால் பாருங்கள்

எண்களுக்குள் போவதற்கு முன் ஒரு மதியம் ஒதுக்கி, ஒரு செல் நகர்வதை நேராகப் பாருங்கள். மீன் கெரட்டோசைட் இதற்கு மிக நல்லது. இன்குபேட்டர் தேவையில்லை, அறை வெப்பநிலையே போதும். ஒரு செதிலை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வளர்ப்பு ஊடகத்தோடு வைத்துவிட்டால், சில மணி நேரத்தில் அதன் விளிம்பிலிருந்து செல்கள் வெளியே ஊர்ந்து வரும். பிறகு தனித்தனியாகப் பிரிந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் அரைவட்ட வடிவம். முன்பக்கம் அகலமான, மிக மெல்லிய தகடு. பின்னால் உட்கருவைச் சுமந்த சிறிய மேடு. வடிவம் மாறாமல் மொத்தமாகச் சறுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும்.

அந்த மெல்லிய தகடுதான் லமெல்லிப்போடியம். அதற்குள் ஆக்டின் இழைகள் நுனியில் வளர்ந்து சவ்வை முன்னால் தள்ளுகின்றன. ஆர்ப் 2/3 என்ற புரதக் கூட்டம் இருக்கிற இழையின் பக்கவாட்டில் புதிய கிளையைத் தொடங்கி வைக்கிறது. பின்பக்கம் மயோசின் இழுத்துச் சுருக்குகிறது. முன்னால் நீள்வது, தரையில் ஒட்டுவது, உடலை இழுப்பது, வாலை விடுவிப்பது என்ற நான்கு வேலைகளும் சேர்ந்ததுதான் நகர்வு. இவற்றை எப்போது எங்கே தொடங்குவது என்பதை ரோ குடும்பத்துச் சிறு புரதங்கள் நிர்வகிக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் செய்த சோதனைகளில் ரோ செல்லுக்குள் இறுக்கமான இழைக் கட்டுகளை உருவாக்கியது. அதே குடும்பத்து ராக் செல்லின் விளிம்பில் அலையலையான மடிப்புகளை எழுப்பியது.

கெரட்டோசைட்டிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. 1984-ல் யூட்டெனோயரும் ஷ்லிவாவும் காட்டியபடி, உட்கருவே இல்லாத, தகட்டிலிருந்து பிய்ந்து வந்த துண்டுகள்கூடத் தாமாகவே ஊர்கின்றன. அப்படியானால் ஒரு மரபணுவை நிறுத்தினால் நகர்வு குறைந்தது என்று கண்டுபிடிக்கும்போது, அது ஊரும் இயந்திரத்தைத் தொட்டதா, அந்த இயந்திரத்துக்குப் பொருள் வழங்கும் செல்லின் பொது ஆரோக்கியத்தைத் தொட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். செல் சாகிறதா, வளர்ச்சி குறைகிறதா, தரையில் ஒட்டும் திறன் மாறியதா என்ற மூன்று துணைச் சோதனைகளையும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கீறல் சோதனை

உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

செய்முறை எளிது. செல்களை இடைவெளி இல்லாமல் ஒற்றை அடுக்காக வளர விடுங்கள். தட்டின் அடிப்பக்கத்தில் பேனாவால் குறியிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வர அதுதான் வழி. 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் நுனியால் ஒரே அழுத்தத்தில், ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். உரிந்த செல்களை மென்மையாகக் கழுவுங்கள். சீரம் குறைந்த ஊடகம் ஊற்றுங்கள். தொடக்கத்திலும் பிறகு 6, 12, 24 மணி நேரத்திலும் படம் எடுத்து, ஃபிஜி போன்ற இலவச மென்பொருளில் காலியிடத்தின் பரப்பை அளங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். காலியிடம் வேறு எதனால் மூடலாம்? செல்கள் பெருகினாலும் மூடும். இரட்டிப்பாக 20 மணி நேரம் எடுக்கும் செல்லை 24 மணி நேரம் பார்த்தால், நீங்கள் அளந்ததில் பெருக்கம் எவ்வளவு, நகர்வு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. மைட்டோமைசின் சி கொடுத்துப் பிரிவதை முன்கூட்டியே நிறுத்தலாம். அது எல்லாச் செல்லுக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால் அளவைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் முதல் 8, 10 மணி நேரத்துக்குள்ளேயே முடித்துவிடுவது இன்னும் நல்லது. செல்கள் நகராமல் வெறுமனே பரந்து தட்டையானாலும் பரப்பு குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கீறும்போது செல்கள் கிழிகின்றன, உள்ளிருந்தவை ஊடகத்தில் கசிகின்றன, தரையில் பூசிய புரதமும் சுரண்டப்படுகிறது. சிலிக்கோன் தடுப்பு வைத்து இருபுறமும் செல்களை வளர்த்துப் பிறகு தடுப்பை எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல்கள் இல்லை. இடைவெளியும் ஒரே அகலத்தில் கிடைக்கும். காயம் ஆறுவதைப் படிக்கிறீர்கள் என்றால் கீறல்தான் பொருத்தம். வெறும் நகர்வைப் படிக்கிறீர்கள் என்றால் தடுப்புக்கே என் ஓட்டு.

படி 4: ஈர்ப்பா, வெறும் சுறுசுறுப்பா?

1962-ல் ஸ்டீபன் பாய்டன் உருவாக்கிய இரட்டை அறைக் கலம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மேல் அறையில் செல்கள், கீழ் அறையில் ஈர்க்கும் பொருள், நடுவில் துளையுள்ள சவ்வு. ஃபைப்ரோபிளாஸ்ட், புற்றுநோய்ச் செல்களுக்கு 8 மைக்ரோமீட்டர் துளை. நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்களுக்கு 3 முதல் 5. துளை பெரிதாக இருந்தால் வெள்ளணு தானாகவே விழுந்துவிடும், எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

கீழே அதிகச் செல்கள் வந்தால் ஈர்ப்பு என்று உடனே எழுதிவிடத் தோன்றும். அந்தப் பொருள் திசை எதுவும் காட்டாமல் செல்லின் ஓட்டத்தை மட்டும் வேகப்படுத்தினாலும் இதே முடிவுதான் வரும். 1973-ல் சிக்மண்டும் ஹிர்ஷும் இதற்கு ஒரு தெளிவான வழி காட்டினார்கள். மேலேயும் கீழேயும் வெவ்வேறு செறிவுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். இரு பக்கமும் சம செறிவு இருக்கும்போதும் செல்கள் கூடுதலாகக் கடந்தால் அது சுறுசுறுப்பு. கீழே மட்டும் செறிவு அதிகமாக இருக்கும்போது அதற்கு மேலும் கூடினால் ஈர்ப்பு. ஒரு நாள் கூடுதல் வேலைதான். தவிர்க்காதீர்கள்.

படி 5: ஒவ்வொரு செல்லாகத் தொடருங்கள்

என்னைக் கேட்டால் ஆய்வின் உண்மையான செல்வம் இங்கேதான் இருக்கிறது. கீறலும் கலமும் கூட்டத்தின் சராசரியைத் தருகின்றன. வீடியோவில் பாதி செல்கள் ஓடுவதும் பாதி செல்கள் உட்கார்ந்திருப்பதும் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும்.

நுண்ணோக்கி மேடையில் 37 டிகிரி செல்சியஸ், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம் மூன்றும் நிலைபெறும்வரை படம் எடுக்கத் தொடங்காதீர்கள். சூடேறும் உலோகம் விரிந்து குவியம் நழுவிக்கொண்டே இருக்கும். ஒளியைக் குறையுங்கள், ஒளி நச்சு செல்லை முதலில் மந்தமாக்கும், பிறகுதான் கொல்லும், அதனால் கண்ணுக்கு ஆரோக்கியமாகத் தெரிவதை நம்பிவிட முடியாது. தரையில் ஒட்டிய தூசியையோ மணியையோ ஒரு செல்போலவே தொடருங்கள். அது நகர்ந்தால் மேடை நகர்கிறது. அந்த நகர்வை எல்லாப் பாதைகளிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

பட இடைவெளி மிக முக்கியம். ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு 5 முதல் 10 நிமிடம் பரவாயில்லை. நியூட்ரோஃபிலுக்கு அரை நிமிடமோ அதற்குக் குறைவோ வேண்டும். இடைவெளி நீண்டால் வளைந்த பாதை நேர்கோடாக வெட்டப்பட்டு வேகம் குறைவாகத் தெரியும். அளவுக்கு மீறிக் குறைந்தால், செல்லின் நடுப்புள்ளியைக் குறிப்பதில் வரும் சிறு பிழைகள் எல்லாம் கூடி, அசையாத செல்லுக்கும் ஒரு வேகத்தைக் கொடுத்துவிடும். இடைவெளியைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்லும் கட்டுரையோடு உங்கள் எண்ணை ஒப்பிட முடியாது.

பாதைகள் கிடைத்ததும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள்: எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் ஒரே திசை. நேர்க்கோட்டு இடப்பெயர்ச்சியைப் பாதை நீளத்தால் வகுப்பது பலர் செய்யும் வழி. ஆனால் தற்போக்காகத் திரியும் செல்லுக்கு நேரம் ஆக ஆக இந்த விகிதம் குறைந்துகொண்டே போகும், எனவே ஒரே கால அளவுள்ள பாதைகளை மட்டும் ஒப்பிடலாம். இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரியை நேரத்துக்கு எதிராக இரு அச்சுகளிலும் மடக்கை அளவில் வரைவது இன்னும் உறுதியானது. சாய்வு 1 என்றால் தற்போக்கு, 2 என்றால் நேர்த்திசை. பெரும்பாலான செல்கள் குறுகிய நேரத்தில் 2-க்கு அருகிலும் நீண்ட நேரத்தில் 1-க்கு அருகிலும் இருக்கும். எங்கே வளைகிறதோ அதுவே அந்தச் செல் திசையை நினைவில் வைத்திருக்கும் காலம். ஒரு மருந்து வேகத்தைத் தொடாமல் இந்தக் காலத்தை மட்டும் குறைக்கலாம். வேகம் குறைவதும் இந்தக் காலம் குறைவதும் கீறல் சோதனையில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தடுப்பான்களைப் பயன்படுத்தும்போது கரைப்பானை மட்டும் சேர்த்த தட்டு கட்டாயம் வேண்டும். ஆர்ப் 2/3-க்கு சிகே-666, மயோசின் 2-க்கு பிளெபிஸ்டாட்டின், ரோ கைனேஸுக்கு ஒய்-27632 என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. பிளெபிஸ்டாட்டினை நீல ஒளி செயலிழக்கச் செய்யும், கூடவே செல்லுக்கு நச்சாகவும் மாற்றும். பச்சை ஒளிர் புரதத்தைப் பார்க்க நீல ஒளி பாய்ச்சிக்கொண்டே இதைப் பயன்படுத்தினால் முடிவை நம்ப வழியில்லை.

தட்டையான தரையில் கிடைத்த முடிவைத் திசுவுக்கு அப்படியே எடுத்துச்செல்ல வேண்டாம். 2008-ல் வந்த ஓர் ஆய்வில், தரையைப் பிடித்துக்கொள்ள உதவும் இன்டெக்ரின்கள் அனைத்தும் நீக்கப்பட்ட எலியின் டென்ட்ரைட்டிக் செல்கள் (ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்கள்) முப்பரிமாணத் திசுவுக்குள் வழக்கம்போல நகர்ந்தன. தட்டில் இன்றியமையாத ஒன்று, உடலுக்குள் தேவையே இல்லாமல் இருந்தது.

படி 6: இரண்டு அசைவுகளும் சந்திக்கும் இடம்

செல் நகர்வையும் குடல் அசைவையும் ஏன் ஒரே வழிகாட்டியில் வைத்தேன் என்பதற்கு ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய்தான் காரணம். 1886-ல் டென்மார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங், பெருங்குடல் வீங்கி இறந்த குழந்தைகளைப் பற்றி விவரித்தார். சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்றில் இது வருகிறது. வீங்கிய பகுதியில் குறை இல்லை. அதற்குக் கீழே, ஒடுங்கியிருக்கும் கடைசிப் பகுதியில்தான் நரம்பு முடிச்சுகள் இல்லை. தளர உத்தரவிட யாரும் இல்லாததால் அந்தப் பகுதி சுருங்கியே கிடக்கிறது, மேலே இருப்பது தேங்குகிறது.

ஏன் இல்லை? குடலின் நரம்பு செல்கள் குடலில் பிறப்பவை அல்ல. கழுத்துப் பகுதியில் நரம்பு முகடு என்ற, கருவின் முதுகுப்புறத் திசுவிலிருந்து புறப்படும் செல்கள் முன்குடலுக்குள் நுழைந்து, வளர்ந்து நீண்டுகொண்டே இருக்கும் குழாயின் கடைசிவரை போய்ச் சேர வேண்டும். எலிக் கருவில் இந்தப் பயணம் ஏறக்குறைய 9.5-ஆம் நாளில் தொடங்கி 14.5-ஆம் நாளில் முடிகிறது; மனிதக் கருவில் 7-ஆம் வாரத்துக்குள். 1973-ல் நிக்கோல் லெ டுவாரினும் தெய்யேவும் காடைக் கருவின் செல்களைக் கோழிக் கருவில் ஒட்டி இந்த வழியைத் தடம் பிடித்தார்கள். காடை செல்லின் உட்கரு சாயத்தில் வேறுபட்டுத் தெரியும் என்பதே அவர்களுக்குக் கிடைத்த குறி. 1994-ல் ரெட் மரபணுவின் பிறழ்வுகள் இந்த நோயோடு இணைக்கப்பட்டன. குடல் சுவர் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தை உணர்வது ரெட். அந்தப் புரதம் செல்களை ஈர்க்கவும் செய்கிறது, பெருக்கவும் செய்கிறது.

இதைச் சோதிக்க, எலிக் கருவின் குடலை எடுத்து, இரு முனைகளையும் தாங்கி வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, ஒளிரும் நரம்பு முகடு செல்களை மணிக்கணக்கில் படம் எடுக்கலாம். அவை தனித்தனியாக ஓடுவதில்லை. சங்கிலி சங்கிலியாகப் போகின்றன, சங்கிலிகள் பிரிகின்றன, மறுபடி சேர்கின்றன. கீறல் சோதனையில் நாம் விலக்கிவைத்த பெருக்கம் இங்கே கதையின் நடுவுக்கு வருகிறது. முன்னணியில் செல்கள் போதிய அளவு பெருகவில்லை என்றால் அலை கடைசிவரை போய்ச் சேர்வதே இல்லை. எனவே பெருக்கத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். பிரியும் செல்களுக்குள் நுழையும் சாயம் கொடுத்து முன்னணியிலும் பின்னாலும் எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள். குடல் நீளும் வேகத்தையும் அளங்கள். செல்கள் வழக்கமான வேகத்தில் போயும், குடல் அதைவிட வேகமாக நீண்டால், கடைசிப் பகுதி வெறுமையாகவே நிற்கும்.

படி 7: ஆர்கன் பாத்

இனி முழுத் தசை. ஆர்கன் பாத் என்பது குடல் துண்டைச் சூடான கரைசலில் தொங்கவிட்டு அதன் சுருக்கத்தை அளக்கும் கலம். விலங்குகளைப் பயன்படுத்தும் எந்த வேலைக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். ஒரு விலங்கின் குடலிலிருந்து பல துண்டுகள் கிடைக்கும் என்பதால், சரியாகத் திட்டமிட்டால் குறைந்த விலங்குகளிலேயே வேலை முடியும்.

துண்டை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசலான கிரெப்ஸ் கரைசலைத் தயாரிப்பதில் ஒரு நுணுக்கம்: 95 சதவீதம் ஆக்சிஜன், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவைக் குமிழவிட்ட பிறகுதான் கால்சியத்தைச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் பைகார்பனேட் கரைசல் காரமாக இருக்கும்போது கால்சியம் வெண்மையாகப் படிந்துவிடும். படிந்தால் தசைக்குக் கால்சியம் போதாது, சுருக்கம் குறையும், நீங்கள் மருந்தைக் குறைசொல்வீர்கள்.

கினி பன்றியின் இலியத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டை எடுங்கள். குடல்தாங்கியை வெட்டிவிட்டு, உள்ளிருப்பதைக் கரைசலால் மென்மையாகக் கழுவுங்கள். இரு முனையிலும் நூல் கட்டும்போது துளையை அடைத்துவிடாமல் சுவரின் ஓரத்தில் மட்டும் கட்டுங்கள். கீழ் நூல் கொக்கியில், மேல் நூல் விசை உணரியில். 37 டிகிரி, அரை முதல் ஒரு கிராம் இழுவிசை. இப்போது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். தொடக்கத்தில் தசை தளர்ந்து கோடு மெல்லக் கீழிறங்கும். இழுவிசையைச் சரிசெய்துகொண்டே வாருங்கள். கோடு சமமாகி, தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புக் கடத்தியான அசிட்டைல்கோலினின் ஒரே அளவு இரண்டு முறையும் ஒரே உயரச் சுருக்கம் தந்தால்தான் துண்டு தயார்.

அப்புறம்தான் பிரித்தெடுக்கும் வேலை. சுருக்கத்தை நரம்பு தொடங்கலாம், மென்தசை தானே தொடங்கலாம், காஹல் இடைநிலைச் செல்கள் எழுப்பும் மெதுமின்னலை தொடங்கலாம். 1990-களில் கிட் ஏற்பி குறைபட்ட எலிகளின் சிறுகுடலில் அந்தச் செல்களின் வலைப்பின்னல் குறைந்திருப்பதும், மெதுமின்னலை காணாமல் போவதும் தெரியவந்தது. தாளத்தின் மூலம் அதுவே என்று அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. உங்கள் மருந்து இம்மூன்றில் எதைத் தொடுகிறது?

மில்லிவிநாடிக்கும் குறைந்த நீளமுள்ள மின்துடிப்புகளைக் கொடுத்தால் பெரும்பாலும் நரம்புகளே தூண்டப்படும். நரம்பின் மின் சமிக்ஞையை நிறுத்தும் டெட்ரோடோடாக்சின் சேர்த்ததும் அந்தச் சுருக்கம் முழுதாக மறைந்தால் நரம்பு வழி என்று உறுதி. அதே நிலையில் அசிட்டைல்கோலினை நேராக ஊற்றினால் தசை இன்னும் சுருங்க வேண்டும். சுருங்கினால் தசை நலமாக இருக்கிறது. அசிட்டைல்கோலினின் ஏற்பியை அடைக்கும் அட்ரோபினைக் கொடுத்து, நரம்பு வழிச் சுருக்கம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அசிட்டைல்கோலினின் பங்கு தெரியும். நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தால், மறைந்திருந்த தளர்வு உத்தரவு எவ்வளவு என்பது வெளியே வரும். டெட்ரோடோடாக்சின் மிகக் கொடிய நஞ்சு. கையுறை, தனிக் கழிவுக் கலம், பயன்பாட்டுப் பதிவேடு மூன்றும் இல்லாமல் குப்பியைத் திறக்காதீர்கள்.

கடைசியாகப் பொட்டாசியம் அதிகமுள்ள கரைசலால் முழுச் சுருக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற சுருக்கங்களை அதன் சதவீதமாகச் சொன்னால் தடித்த துண்டும் மெல்லிய துண்டும் ஒப்பிடத் தகுந்ததாகும்.

படி 8: சுருக்கம் வேறு, தள்ளுதல் வேறு

நூலில் தொங்கும் துண்டு எவ்வளவு பலமாக இழுத்தாலும், அது எதையும் எங்கேயும் தள்ளவில்லை. குடல் நிறைய நேரம் உணவைக் கலக்கத்தான் சுருங்குகிறது. பலமான, ஒருங்கிணையாத சுருக்கங்கள் போக்கைத் தடுக்கவும் கூடும்.

இதற்கு முழுப் பெருங்குடலை எடுத்துக் கிடையாக வைத்து, மேலிருந்து வீடியோ எடுங்கள். கினி பன்றியின் கடைப் பெருங்குடலில் ஒரு செயற்கை உருண்டையை மேல் முனையில் வைத்தால், பின்னால் வளையம் இறுக, அது விநாடிக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வேகத்தில் கீழே போய் வெளியே விழும். வீடியோவின் ஒவ்வொரு சட்டத்திலும் குடலின் விட்டத்தை நீளவாக்கில் அளந்து, கறுப்பு வெள்ளை அளவாக ஒரு வரியில் எழுதி, வரிகளை நேரப்படி அடுக்கினால் ஒரு படம் கிடைக்கும். அதில் சாய்ந்த கோடு நகரும் அலை. சாய்வு அதன் வேகம். சாயாத பட்டை ஒரே இடத்தில் நிகழ்ந்த சுருக்கம். ஒரு மணி நேரத்துக் குடலின் நடத்தை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் இந்தப் படத்தை நான் எந்த அட்டவணைக்கும் முன்னால் வைப்பேன்.

படி 9: உயிருள்ள விலங்கில்

1890-களின் கடைசியில், எக்ஸ் கதிர் கண்டுபிடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன நிலையில், வால்டர் கேனன் பூனைக்கு பிஸ்மத் கலந்த உணவு கொடுத்து இரைப்பையின் அலைகளைத் திரையில் பார்த்தார். பூனை கலவரமடைந்ததும் அலைகள் நின்றுவிடுவதையும் கண்டார். இன்றைக்கும் எலியில் வரும் மிகப் பெரிய குழப்பம் இதுவேதான். கையில் பிடிப்பதே இரைப்பையை மந்தமாக்கும், பெருங்குடலை வேகப்படுத்தும். சோதனைக்கு முன் சில நாள் பழக்குங்கள். ஒரே நேரத்தில், ஒரே நபர் கையாளட்டும்.

முழுப் பயண நேரத்துக்குக் கார்மைன் சிவப்பை வாய்வழி கொடுத்து, முதல் சிவப்புப் புழுக்கை வரும்வரை நேரம் பார்க்கலாம். அந்த எண் நீண்டிருந்தால் தாமதம் இரைப்பையிலா, சிறுகுடலிலா, பெருங்குடலிலா என்று அது சொல்லாது. சிறுகுடலுக்கு ஒளிரும் டெக்ஸ்ட்ரான் கொடுத்து, குடலைச் சம துண்டுகளாக வெட்டி, ஒளிர்வின் ஈர்ப்பு மையம் எத்தனையாவது துண்டில் என்று கணக்கிடுங்கள். கடைப் பெருங்குடலுக்குச் சிறிய கண்ணாடி மணியை உள்ளே வைத்து வெளிவரும் நேரம். மயக்க மருந்துகளும் ஓபியாய்டு வலிநிவாரணிகளும் குடலை நேரடியாக மந்தப்படுத்தும் என்பதால், மயக்கத்தில் எடுத்த எண்ணை விழிப்பில் எடுத்ததோடு கலக்காதீர்கள்.

விலங்கைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மனிதரில் பட்டினி அலைத்தொடரைத் தொடங்கிவைப்பதில் மோட்டிலின் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அதன் ஏற்பியைத்தான் தூண்டுகிறது. எலிக்கும் சுண்டெலிக்கும் செயல்படும் மோட்டிலினே இல்லை. அந்த வழியைச் சோதிக்க முயலோ மூஞ்சூறோ வேண்டும்.

படி 10: மனிதரில்

இரைப்பை காலியாவதை அளக்க, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த, தரப்படுத்திய, கொழுப்புக் குறைந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் படம் எடுப்பது பொதுவான முறை. 2 மணி நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல், அல்லது 4 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம். இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தினால் பல நோயாளிகளைத் தவறவிடுவீர்கள். ரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலே இரைப்பை மந்தமாகும், ஓபியாய்டுகளும் அப்படியே. இரண்டையும் அளவீட்டுக்கு முன் சரிபார்க்க வேண்டும்.

உணவுக்குழாய்க்கு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 36 உணரிகள் வரை உள்ள உயர் துல்லிய அழுத்தக் குழாய். அது வரையும் வண்ண வரைபடமும் படி 8-இல் பார்த்த அதே தர்க்கம்தான்: நீளம், நேரம், அழுத்தம். பெருங்குடலுக்கு எக்ஸ் கதிரில் தெரியும் சிறு வளையங்களை விழுங்கவைத்து 5-ஆம் நாள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுவது எளிய, மலிவான, நம்பத்தகுந்த வழி.

அசைவைக் கூட்டும் மருந்தைத் தேடுபவர்கள் சிசாப்ரைடை மறக்கக் கூடாது. இரைப்பையில் நன்றாகவே வேலைசெய்தது. ஆனால் இதயத்தின் பொட்டாசியம் வாய்க்காலையும் தடுத்து, உயிருக்கு ஆபத்தான தாளக் கோளாறுகளை உண்டாக்கியதால் 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. குடல் துண்டில் வெற்றி கிடைத்ததும் அடுத்த சோதனை இதயத் திசுவில் இருக்கட்டும்.

படி 11: எண்ணிக்கையும் பதிவும்

மூன்று தட்டுகளில் 300 செல்களைத் தொடர்ந்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 3. ஒரே விலங்கின் நான்கு துண்டுகள் ஒரு விலங்குதான். ஒரே தட்டின் செல்கள் ஒரே வெப்பத்தையும் ஒரே ஊடகத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. 300 என்று கணக்குப் போட்டால் ஒன்றுமில்லாத வேறுபாடும் புள்ளியியலில் முக்கியமானதாகிவிடும். வரைபடத்தில் செல்களைச் சிறு புள்ளிகளாகவும் ஒவ்வொரு தனிச் சோதனையின் சராசரியைப் பெரிய புள்ளியாகவும் காட்டுங்கள், பெரிய புள்ளிகளை மட்டும் ஒப்பிடுங்கள். பாதைகளைக் குறிப்பவருக்கும் கோடுகளை அளப்பவருக்கும் எது மருந்துக் குழு என்று தெரியக் கூடாது.

கட்டுரையில் விலங்கின் இனவகை, பாலினம், வயது, கடைசியாக உணவு எடுத்த நேரம், சோதனை செய்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். செல்லுக்கு எத்தனையாவது தலைமுறை, தரையில் என்ன பூச்சு, எவ்வளவு சீரம். மூல வீடியோக்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். பட இடைவெளியும் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்பதும் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கட்டும். இன்னொருவர் வேறு இடைவெளியில் வேகத்தைத் திரும்பக் கணக்கிட அவை இரண்டும் வேண்டும்.